இமயமலைப் பனியாறுகளை விண்ணிலிருந்து அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கோத்ரி பனியாறு சுருங்குகிறது, சிக்கிமில் ஏரி பெருகுகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். பக்கத்தில் ஒரு செயற்கைக்கோள் படமும் இருக்கும். அந்தப் படத்தில் எதை அளந்தார்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் செய்தியில் வருவதில்லை. மாணவர்களும் ஆர்வலர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இமயமலையிலிருந்து.

நேரில் போய் அளக்க முடியாதா? செயற்கைக்கோள் எதற்கு?

போகலாம், போகிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் சோட்டா சிக்ரி என்று ஒரு பனியாறு இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். 2002 முதல் அங்கே பனியில் ஆழமாகத் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்கி வருகிறார்கள். மறுபடி போய்ப் பார்க்கும்போது கழி கூடுதலாக எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு பனி அந்த இடத்தில் கரைந்திருக்கிறது என்று கணக்கு. மேல்பகுதியில், புதுப்பனி சேரும் இடத்தில், குழி வெட்டி அந்த ஆண்டுப் பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் பார்க்கிறார்கள். அந்தந்த இடத்துக்கு இதைவிட நேரடியான அளவு வேறில்லை.

சிக்கல் எண்ணிக்கையில்தான். இப்படித் தொடர்ந்து அளக்கப்படும் இமயமலைப் பனியாறுகள் மிகக் குறைவு. மலையில் இருப்பவையோ ஆயிரக்கணக்கில். பல 5,000 மீட்டருக்கு மேல், சாலையே இல்லாத இடத்தில் கிடக்கின்றன. சில எல்லைத் தகராறு உள்ள பகுதிகளில். போதாததற்கு, ஏறிப்போக ஓரளவு வசதியான பனியாறுகளைத்தான் களஆய்வுக்குத் தேர்ந்தெடுக்க முடியும். மற்றவையும் அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மலை முழுவதற்கும் செயற்கைக்கோள், அதைச் சரிபார்க்கக் கழிகள் என்று இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

மொத்தம் எத்தனை பனியாறுகள் இருக்கின்றன? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறதே?

உலக அளவில் எல்லோரும் எடுத்தாளும் பட்டியலின் பெயர் ரேண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியல். முதல் பதிப்பு 2012இல் வந்தது. ஆறாம் பதிப்பில் ஏறக்குறைய 2,15,000 பனியாறுகள் இருந்தன. 2023இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏறக்குறைய 2,75,000. மொத்தப் பரப்பு சுமார் 7 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பெரும் பனிவிரிப்புகள் இதில் சேர்த்தி இல்லை. இடையில் 60,000 பனியாறுகள் புதிதாகப் பிறந்துவிடவில்லை. படங்கள் தெளிவாகக் கிடைத்தன, விட்டுப்போன சின்னப் பனியாறுகள் சேர்ந்தன, ஒன்றாக வரைந்திருந்தவற்றை இரண்டு மூன்றாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 34,919 பனியாறுகள், 75,779 சதுர கிலோமீட்டர் என்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பட்டியலில் 9,575தான். இரண்டும் தப்பில்லை. முதலாவது சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா நதிப் படுகைகள் முழுவதையும், அதாவது திபெத், நேபாளம், பூடான் பக்கத்துப் பனியாறுகளையும் சேர்த்து எண்ணியது. இரண்டாவது இந்திய இமயமலையோடு நின்றுகொண்டது. எனவே எண்ணிக்கையை ஒப்பிடும் முன் எல்லை எது என்று பாருங்கள். அப்புறம், எவ்வளவு சின்னதுவரை எண்ணியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ரேண்டால்ஃப் பட்டியலில் அந்தக் கீழ்வரம்பு ஒரு ஹெக்டேர்.

செயற்கைக்கோள் படத்தில் பனியை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? மேகமும் வெள்ளைதானே?

கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. ஆனால் செயற்கைக்கோளில் உள்ள கருவி, கண்ணுக்குத் தெரியாத அலைநீளங்களிலும் படமெடுக்கிறது. பனி பச்சை ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும், 1.6 மைக்ரோமீட்டர் அளவிலான குற்றலை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். நீர்த்துளிகளாலான மேகம் அப்படி விழுங்காது. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: பச்சையிலிருந்து குற்றலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பனிக் குறியீடு என்று சொல்வார்கள். ஒரு பிக்சலை, அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டத்தை, எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். சுத்தமான பனி பச்சையில் 0.80, அகச்சிவப்பில் 0.05 பிரதிபலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.75ஐ 0.85ஆல் வகுத்தால் 0.88. மேகத்துக்கு 0.70, 0.50 என்றால் விடை 0.17. வெறும் பாறைக்கு 0.15, 0.20 என்றால் சுழியத்துக்குக் கீழே போய்விடும். வழக்கமாக 0.4ஐ எல்லையாக வைத்து, அதற்கு மேலே இருப்பதெல்லாம் பனி என்று கொள்கிறார்கள். சிவப்பை அகச்சிவப்பால் வகுக்கும் இன்னொரு முறையும் உண்டு. மலை நிழலில் கிடக்கும் பனிக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் 0.4 ஒன்றும் வேதவாக்கு இல்லை. ஏரித் தண்ணீரும் அகச்சிவப்பை விழுங்கும் என்பதால், பனியாற்றின் முன்னால் உள்ள ஏரி பல நேரம் பனிக் கணக்கில் புகுந்துவிடும். மலை நிழலும் சேர்ந்து குழப்பும். எல்லையை 0.4இலிருந்து 0.5க்கு நகர்த்தினால் பரப்பு எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்தவர், பிறகு தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போட்டுப் பரப்பு எழுத மாட்டார்.

எந்த மாதத்துப் படத்தை எடுக்க வேண்டும்?

உருகும் பருவத்தின் கடைசியில், புதுப்பனி விழுவதற்கு முன்னால். மேற்கு இமயமலையில் அது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை. சிக்கிம், கிழக்கு நேபாளம் பக்கம் மழைக்காலம் முழுக்க மேகம் மூடிக்கிடப்பதால் அக்டோபர், நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். மார்ச் மாதப் படத்தை எடுத்தால் மலை முழுக்க வெள்ளைதான். பனியாறு எது, நேற்று விழுந்த பனி எது என்று யாரும் பிரிக்க முடியாது. 1990 மார்ச்சையும் 2020 செப்டம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “பாருங்கள், எப்படிச் சுருங்கிவிட்டது” என்று சமூக வலைதளங்களில் வரும் படங்களை நம்ப வேண்டாம். பனியாறுகள் சுருங்குவது உண்மை; அந்தப் படம் அதற்குச் சாட்சி அல்ல.

கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகளை என்ன செய்வார்கள்?

இந்தத் துறையில் தலைவலி பிடித்த கேள்வி இதுதான். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதியை மேலிருந்து பார்த்தால் பனியாறு போலவே இருக்காது. சாம்பல் நிறக் கற்குவியல்தான் தெரியும். இருபுறச் சரிவிலிருந்தும் உருண்டு விழுந்த பாறைகள், பனிக்குள்ளிருந்து உருகி வெளியே வந்த கற்கள் எல்லாம் மேலே ஒரு போர்வையாகப் படிந்திருக்கின்றன. அடியில் பல மீட்டர் தடிமனில் பனி இருக்கும். பனிக் குறியீட்டைப் போட்டால் விடை “பாறை” என்றுதான் வரும். பக்கத்து மலைச்சரிவும் அதே பாறை. நிறத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை.

அதனால் வேறு தடயங்களைத் தேடுகிறார்கள். பனியாற்றின் மேற்பரப்பு பக்கச் சரிவைவிடச் சாய்வு குறைந்தது. உயர வரைபடத்தில் அது தெரியும். அடியில் பனி இருக்கும் கல்லின் வெப்பநிலை, போர்வை மெல்லியதாக இருந்தால், வெப்பப் படத்தில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். எல்லாவற்றையும்விட நல்ல தடயம் அசைவு. இரண்டு ரேடார் படங்களை ஒப்பிட்டால் அசையாத சரிவில் இரண்டும் பொருந்தும். அடியில் பனி நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் பொருத்தம் குலைந்துபோகும். ஆனால் முகப்புப் பக்கம், அதாவது கீழ் நுனியில், நகர்வு நின்றுபோய்த் தேங்கிக் கிடக்கும் பனியாறுகளில் இந்தத் தடயமும் கைவிட்டுவிடும்.

கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் கோடு வரைகிறார். அந்தக் கோடு எவ்வளவு மாறும்? 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பலரிடம் ஒரே பனியாறுகளைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். சுத்தமான பனியில் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தது. கல் மூடிய பகுதிகளில் பரப்பு 30 சதவீதம் வரை மாறியது. அதுவும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்! “பரப்பு 4 சதவீதம் குறைந்தது” என்று கல் மூடிய ஒரு பனியாற்றைப் பற்றி யாராவது எழுதியிருந்தால், இரண்டு ஆண்டுக் கோடுகளையும் ஒரே ஆள்தான் வரைந்தாரா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மெல்லிய தூசிப் படிவு வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். சில சென்டிமீட்டரைத் தாண்டிய கற்போர்வை பனியைக் காக்கும். ஆனாலும் கல் மூடிய பனியாறுகள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. போர்வையின் நடுவே ஆங்காங்கே திறந்திருக்கும் பனிச்சுவர்களும் சிறு குட்டைகளும் அக்கம்பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பனியைத் தின்கின்றன. தரையில் 30 மீட்டர் அகலத்தைக் காட்டும் பிக்சலில் அவற்றில் பல தெரிவதே இல்லை.

முகப்பு எவ்வளவு பின்வாங்கியது என்பதுதானே முக்கியமான எண்?

செய்திகளில் வருவது அந்த எண்தான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கங்கோத்ரியின் முகப்பான கோமுகத்தை 1935இல் நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் வரைபடமாக்கினார். அதிலிருந்து நூற்றாண்டின் கடைசி வரை அது ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 20 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு பிக்சல் 30 மீட்டர். அதாவது ஓர் ஆண்டு நகர்வு ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும். சென்ற ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு கோமுகம் பின்வாங்கியதா என்று லேண்ட்சாட்டில் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. குறைந்தது பத்து ஆண்டு இடைவெளி வேண்டும், அல்லது 2.5 மீட்டர் தெளிவுள்ள, இஸ்ரோவின் கார்ட்டோசாட் போன்ற செயற்கைக்கோளின் படம் வேண்டும்.

இதில் புகழ்பெற்ற ஒரு சர்ச்சையும் உண்டு. இஸ்ரோ மையத்தார் 2001 முதல் 2011 வரை 2,018 பனியாறுகளின் முகப்புகளை ஒப்பிட்டார்கள். 1,752 அசையவில்லை, 248 பின்வாங்கின, 18 முன்னேறின என்று முடிவு வந்தது. உடனே “இமயமலைப் பனியாறுகளில் 87 சதவீதம் நலமாக இருக்கின்றன” என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். ஆனால் முகப்பு அசையாமல் இருப்பதும் பனியாறு நலமாக இருப்பதும் ஒன்றல்ல. குளியலறைச் சோப்பு கரையும்போது நீளம் அப்படியே இருக்கும், தடிமன்தான் குறையும். கல் மூடிய பனியாறும் பல பத்தாண்டுகளுக்கு அப்படித்தான் மெலிகிறது. பெரிய பனியாறு தட்பவெப்ப மாற்றத்துக்குத் தன் நீளத்தை மாற்றிக்கொள்ளவே பல பத்தாண்டுகள் பிடிக்கும். பத்தாண்டு என்பது அதற்கு மிகச் சின்ன இடைவெளி.

நீளம், பரப்பு, தடிமன் மாற்றம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் தடிமன் மாற்றத்தைப் பாருங்கள்.

சரி, தடிமன் மாறியதை மேலேயிருந்து எப்படி அளப்பது?

ஒரே இடத்தின் உயர வரைபடங்கள் இரண்டு, வேறு வேறு ஆண்டுகளில் எடுத்தவை இருந்தால் போதும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மேற்பரப்பு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். நம் இரண்டு கண்களும் ஆழத்தை உணர்வதைப் போல, இரண்டு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி இந்த வேலையைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தது. அந்தப் படங்களை வைத்து 2021இல் உலகின் ஏறக்குறைய எல்லாப் பனியாறுகளுக்கும் கணக்குப் போட்டார்கள்: 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 267 பில்லியன் டன் இழப்பு. அந்தக் காலத்துக் கடல்மட்ட உயர்வில் ஐந்தில் ஒரு பங்கு இதனால் வந்தது. காவிரிக்கும் வைகைக்கும் பனியாற்றோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் நாகப்பட்டினம் கரைக்கு உண்டு, கடல் வழியாக.

இன்னும் பின்னால் போக அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள்கள் உதவின. 1960களின் கொரோனா, 1970களின் ஹெக்ஸகன் இரண்டும் ஃபிலிமில் படமெடுத்து, அந்தச் சுருளை ஒரு கூண்டில் வைத்துப் பூமிக்குப் போட்டன. பாராசூட்டில் இறங்கும் கூண்டை விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது. பனிப்போருக்காக எடுத்த படங்கள் ரகசியம் நீங்கிப் பனியாற்று ஆய்வாளர் கைக்கு வந்தன. அந்த ஹெக்ஸகன் படங்களை வைத்து 2019இல் இமயமலையின் 650 பனியாறுகளை அளந்தார்கள். பனியாற்றுப் பரப்பு முழுவதும் சமமாகப் பரப்பிப் பார்த்தால், 1975–2000 காலத்தில் ஆண்டுக்கு 0.22 மீட்டர் உயரத் தண்ணீர் அளவுக்கு இழப்பு, 2000–2016இல் 0.43 மீட்டர். ஏறக்குறைய இரு மடங்கு. இமயமலையைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைச் சொல்வேன்.

பிழை எங்கே நுழையும்? இரண்டு உயர வரைபடங்களும் பக்கவாட்டில் ஒரு பிக்சல் விலகியிருந்தாலே, செங்குத்துச் சரிவுகளில் பல மீட்டர் “மாற்றம்” பொய்யாக முளைக்கும். அதனால் முதலில் அசையாத பாறைப் பகுதிகளை வைத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்த வேண்டும். ஏமாந்துபோகக்கூடிய இன்னொரு இடம், 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து 11 நாட்கள் எடுத்த ரேடார் உயர வரைபடம். இலவசம், எல்லோரும் பயன்படுத்துவது. ஆனால் ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் இறங்கித்தான் திரும்பும். உண்மையான மேற்பரப்பைவிடத் தாழ்வாகக் காட்டும். அதைத் திருத்தாமல் ஒளிப்படத்தோடு ஒப்பிட்டால் 2000க்குப் பிந்தைய இழப்பு குறைவாகத் தெரியும்.

2018 செப்டம்பரில் ஏவிய ஐஸ்சாட்-2 லேசரால் அளக்கிறது. வினாடிக்கு 10,000 பச்சை ஒளித் துடிப்புகள். மிகத் துல்லியம், ஆனால் கோடு கோடாகத்தான் அளக்கும். கோடுகளுக்கு இடையில் விழும் சின்னப் பனியாறு தப்பித்துவிடும்.

பனியாற்றை எடை போடும் செயற்கைக்கோள் என்கிறார்களே?

கிரேஸ். 2002 முதல் 2017 வரை இயங்கியது. அடுத்த ஜோடி 2018இல் போனது. ஒன்றன் பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கலங்கள் பறக்கும். கீழே பொருள் அதிகம் உள்ள இடத்தில் ஈர்ப்பு கூடும், முன்னால் போகும் கலம் லேசாக இழுக்கப்படும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்திலிருந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். கிரீன்லாந்துக்கு இது அருமையான கருவி. இமயமலைக்கு அவ்வளவு சரிப்படாது. இதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். பக்கத்திலேயே பஞ்சாப், அரியானா விவசாயிகள் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தது பனியா, கிணற்று நீரா என்று கிரேஸுக்குத் தனியாகத் தெரியாது. மற்ற கணக்குகளால்தான் பிரிக்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு பனி மீதமிருக்கிறது?

மேற்பரப்பு எவ்வளவு இறங்கியது என்று செயற்கைக்கோள் சொல்லும்; அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது. சாய்வையும் வேகத்தையும் வைத்து மாதிரிக் கணக்கால் ஊகிக்கிறார்கள். தரையில் ரேடாரை இழுத்துச் சென்று சில இடங்களில் சரிபார்க்கிறார்கள். 2019இல் ஐந்து மாதிரிகளைச் சேர்த்துப் போட்ட உலகக் கணக்கு: 1,58,000 கன கிலோமீட்டர்.

பனியாற்றின் வேகத்தையும் அளக்கலாமா?

அளக்கலாம். மேற்பரப்பில் உள்ள விரிசலோ கல்வரியோ ஓர் ஆண்டு கழித்து எங்கே போயிருக்கிறது என்று கணினி இரண்டு படங்களையும் பொருத்திக் கண்டுபிடிக்கிறது. மெலியும் பனியாறு பெரும்பாலும் வேகமும் குறையும்.

இதில் விதிவிலக்கான பனியாறுகள் சுவாரசியமானவை. பல ஆண்டு சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று பாயும். காரகோரத்தில் இவை அதிகம். பாகிஸ்தானின் ஹுன்சா பள்ளத்தாக்கில் ஷிஷ்பர் பனியாறு 2018இல் இப்படிப் பாய்ந்து பக்கத்து ஓடையை அடைத்தது. பின்னால் ஏரி தேங்கியது. ஏரி பல முறை வடிந்தது. 2022 மே மாதம் வடிந்தபோது ஹசனாபாத் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பனியாறு முன்னேறுகிறது என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காரகோரப் பனியாறுகள் மட்டும் உருகவில்லை என்று படித்திருப்பீர்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவை ஏறக்குறைய சமநிலையில் இருந்தது உண்மைதான். பிந்தைய அளவீடுகள் அங்கேயும் இழப்பு தொடங்கியதைக் காட்டுகின்றன.

மேகம் மூடியிருந்தால்?

ரேடார்தான் கதி. அது தானே அலையை அனுப்பித் திரும்ப வாங்குவதால் இரவும் மேகமும் பொருட்டில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1, இஸ்ரோவின் ரிசாட் இரண்டும் இந்த வகை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ராக்கெட்டில் ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனா, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடம். இதன் நீண்ட அலை 24 சென்டிமீட்டர், சென்டினலின் 5.6 சென்டிமீட்டர் அலையைவிட மேற்பரப்பின் சில்லறை மாற்றங்களால் குழம்புவது குறைவு. ஒன்று மட்டும், ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால் செங்குத்து மலைகளின் ஒரு பக்கம் படத்தில் மடிந்து விழும், மறுபக்கம் நிழலில் மறையும்.

பனியாற்று ஏரி உடையப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எந்த ஏரி ஆபத்தானது என்று சொல்லலாம். எந்த நாள் என்று சொல்ல முடியாது.

பனியாறு பின்வாங்கிய குழியில் உருகுநீர் தேங்குகிறது; அதைத் தடுத்து நிற்பது பனியாறே கொண்டுவந்து குவித்த மண்ணும் கல்லும். இஸ்ரோ 2024 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நதிகளின் இமயமலைப் படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகியுள்ளன; அவற்றில் 130 இந்தியாவுக்குள். இமாச்சலின் கெபாங் காத் ஏரி 1989இல் 36.49 ஹெக்டேர், 2022இல் 101.30. ஏரிப் பரப்பை அளப்பது பனியாற்றை அளப்பதைவிட எளிது, விளிம்பு தெளிவாக இருக்கும். அதனால் இந்த எண்களை ஓரளவு தைரியமாகவே நம்பலாம்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி இப்படிப் பல ஆண்டாகக் கண்காணிப்பில் இருந்ததுதான். ஆபத்து என்று 2013லேயே ஆய்வு எச்சரித்தது. 2016இல் குழாய்கள் போட்டு ஓரளவு நீரை இறக்கவும் செய்தார்கள். 2023 அக்டோபர் 3 இரவு உடைந்தது. செப்டம்பர் 28 ரேடார் படத்தில் 167.4 ஹெக்டேர் இருந்த ஏரி, அக்டோபர் 4 காலைப் படத்தில் 60.3 ஹெக்டேர். கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. காரணம் மேகவெடிப்பு என்று முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு படங்களை அலசியபோது, ஏரியின் பக்கவாட்டில் உறைந்திருந்த மண்கரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி கன மீட்டர் அளவுக்குச் சரிந்து நீரில் விழுந்ததும், அது எழுப்பிய அலை கரையை உடைத்ததும் தெரியவந்தது. அந்தக் கரை முந்தைய ஆண்டுகளிலேயே நகர்ந்துகொண்டிருந்தது பழைய படங்களில் பதிவாகியிருந்தது. எல்லோரும் ஏரியின் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் நடந்ததையும் முதலில் ஏரி உடைப்பு என்றுதான் சொன்னார்கள். மறுநாட்களில் கிடைத்த செயற்கைக்கோள் படங்களில் அப்படி ஓர் ஏரியே இல்லை. ரோந்தி சிகரத்தின் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும், பெரும்பகுதி பாறை. 204 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த விரிசல் 2016 முதலே படங்களில் தெரிந்தது. படம் கிடைப்பதும், அதை ஒருவர் சரியான நேரத்தில் பார்ப்பதும் வேறு வேறு.

2035க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடும் என்றார்களே?

ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தது. ஆதாரமற்றது என்று 2010 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இப்போதைய மதிப்பீடு வேறு: காத்மாண்டுவில் உள்ள ஈசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உமிழ்வு குறையாமல் போனால் நூற்றாண்டு இறுதிக்குள் இந்துகுஷ்–இமயமலைப் பனியாறுகளின் கனஅளவில் 80 சதவீதம் வரை போய்விடலாம். 2035 பொய் என்பதால் இதுவும் பொய் ஆகிவிடாது.

இதையெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவே செய்துவிடாதா?

சுத்தமான பனிக்கு அது தேவையே இல்லை, பனிக் குறியீடு போதும். கல் மூடிய பகுதிகளுக்கு முயன்று வருகிறார்கள். ஆனால் அதற்குப் பயிற்சி கொடுப்பது மனிதர்கள் வரைந்த கோடுகளை வைத்துத்தான். 30 சதவீத வித்தியாசம் உள்ள கோடுகள் அவை.

கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக் கணினியில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. காசு செலவில்லை. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். தொகுப்பு 1972இலிருந்து தொடங்குகிறது. சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் தெளிவில், 5 நாளுக்கு ஒன்று கிடைக்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். இணைய வேகம் போதவில்லை என்றால் படங்களை இறக்காமலே கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்யலாம்.

முதலில் கங்கோத்ரியை எடுக்காதீர்கள்; கல் மூடியது, மனம் விட்டுப்போகும். கல் குறைவாக மூடிய ஒன்றை எடுங்கள். லேண்ட்சாட்-8 படத்தில் 6, 5, 4 ஆகிய பட்டைகளை (வெவ்வேறு அலைநீளங்களில் எடுத்த படங்களை) சிவப்பு, பச்சை, நீலமாக வைத்துத் திறந்தால் பனி பளிச்சென்று வெளிர்நீலத்தில் தெரியும், நீர்மேகம் வெள்ளையாக நிற்கும். 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். கருவிக் கோளாறு, உங்கள் கணினியில் குறை இல்லை. ஒரே பருவத்தில் எடுத்த, குறைந்தது பதினைந்து இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களைத் தேர்ந்தெடுங்கள். பனிக் குறியீடு போட்டு எல்லை வரைந்து, ஏரியையும் நிழலையும் கையால் திருத்துங்கள். இரண்டு பரப்புகளையும் எழுதும்போது எல்லையை அரை பிக்சல் உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால் எவ்வளவு மாறும் என்பதையும் கூடவே எழுதிவையுங்கள். மாற்றம் அந்தப் பிழையைவிடச் சின்னதாக இருந்தால், “மாற்றம் தெரியவில்லை” என்பதுதான் விடை.

கடைசியாக ரேண்டால்ஃப் பட்டியலின் எல்லைக் கோட்டை இறக்கி உங்கள் கோட்டின் மேல் போடுங்கள். எங்கே விலகுகிறதோ அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதி நேரம் அங்கே கல் மூடிய பனியோ, நிழலோ இருக்கும். மீதி நேரம் பட்டியல் வரைந்தவரின் படத்துக்கும் உங்கள் படத்துக்கும் இடையில் உருகிப்போன பனி.